சங்கு கிடக்கும் இடமும் ஒரு மதிப்பீட்டு அறிக்கையும்

ஆய்விதழ் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறவர்களே, ஏஐயைத் திட்டுவதற்காக நான் இதை எழுதவில்லை. ஓய்வு பெற்றவளிடம் எழுதச் சொன்னால் அதைத்தான் எழுதுவாள் என்று நினைத்திருப்பீர்கள். தமிழ் வழியில் படித்த பிள்ளைகள் ஆங்கிலத்துக்காகப் பட்ட அவமானத்தை நான் நேரில் பார்த்தவள். ஆய்வு நன்றாக இருக்கும், ஆங்கிலம் ஓட்டையாக இருக்கும். ‘மொழி மோசம்’ என்று ஒற்றை வரி எழுதித் திருப்பி அனுப்புவார்கள். அப்படி எழுதிய பெரிய மனிதர்களில் பாதிப் பேருக்குத் தமிழில் ஒரு விண்ணப்பம் எழுத வராது. ஏஐ வந்த பிறகு அந்த அவமானம் குறைந்தது. அதற்கு நான் நன்றி சொல்கிறேன்.

நான் வேலை பார்த்தது தூத்துக்குடியில், கடலையும் கரையையும் பற்றிய ஒரு சிறிய ஆய்விதழில். நிர்வாக ஆசிரியர் என்பது பதவியின் பெயர். கட்டுரையை வாங்கி, அதை வாசித்துத் தேறுமா என்று சொல்கிற மதிப்பீட்டாளருக்கு அனுப்புவது, அவர் தூங்கினால் எழுப்புவது, கோபித்துக்கொண்டால் சமாதானம் செய்வது எல்லாம் என் தலையில். அந்த வேலையை எப்படிச் செய்வது என்று உங்களுக்கு மென்பொருளே சொல்லிக்கொடுத்துவிடும். வேலையை எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று அது சொல்லாது. அப்படி நிறுத்திய ஒரு சமயத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச காலம் முன்பு ரோஸ்லின் என்ற ஆய்வு மாணவியின் கட்டுரை வந்தது. புன்னைக்காயலில் பிறந்தவள். அவள் அப்பா அந்தோணி, சங்கு குளிக்கிறவர். தொழிலுக்காகக் குடும்பத்தோடு தூத்துக்குடிக் கரைக்கே வந்துவிட்டவர். கடலடியில் சங்கு எங்கே குறைகிறது, எங்கே இன்னும் கிடக்கிறது என்பதுதான் ரோஸ்லினின் ஆய்வு. அப்பாவோடு தொழில் செய்கிறவர்களிடமே கேட்டு எழுதியிருந்தாள்.

நான் ஆத்தூர்ப் பக்கத்து வயல் வீட்டுப் பெண். எங்கள் ஊரில் எந்த வயல் யாருடையது என்று நாய்க்குக்கூடத் தெரியும். கடலில் வரப்பு கிடையாது. நல்ல சங்கு கிடக்கும் இடத்தை ஒருவர் கண்டுபிடித்தால், அடுத்தவருக்குத் தெரியாத வரைதான் அது அவருடைய இடம். அனல்மின் நிலையத்துப் புகைபோக்கி மாதா கோயில் கோபுரத்துக்கு எந்தப் பக்கம் வரும்போது நங்கூரம் போட வேண்டும் என்று மனசுக்குள் குறித்து வைத்திருப்பார்கள். கூடப் பிறந்தவனுக்கும் சொல்ல மாட்டார்கள். வேறு படகு நெருங்கினால் முங்குவதை நிறுத்திவிட்டுத் தூண்டில் போட வந்தவர்கள் மாதிரி உட்கார்ந்துகொள்வார்கள்.

அப்படிப்பட்டவர்கள் ரோஸ்லினுக்கு இடம் சொன்னார்கள். அவள் அந்தோணி மகள் என்பதால் சொன்னார்கள். அச்சில் இடம் வராது என்று அவள் வாக்குக் கொடுத்திருந்தாள்.

ஆனால் இடமே தெரியாமல் கட்டுரையைச் சரிபார்க்க முடியாது. அதனால் எல்லா இடங்களையும் குறித்த ஒரு கடல் படத்தைப் பின்னிணைப்பாக வைத்தாள். ‘மதிப்பீட்டாளர் பார்வைக்கு மட்டும்’ என்று அதன் தலையில் எழுதியிருந்தாள். அது போதாதென்று நேரிலும் வந்தாள். எங்கள் முதன்மை ஆசிரியர் முன்னால் நின்று கேட்டாள்.

“சார், இது வெளிய போகாதுல்லா?”

“போகாதும்மா” என்றார் அவர்.

அவர் பெயரை எழுதக் கூடாது என்று அவரே சொல்லிவிட்டார். சார் என்றே எழுதுகிறேன். என் வயதுதான் அவருக்கும். சத்தம் போடத் தெரியாது. அந்த வேலைக்கு நான் இருந்தேன்.

கட்டுரையின் கடைசியில், ஆங்கிலத்தைத் திருத்த ஏஐயைப் பயன்படுத்தியதாக ரோஸ்லின் ஒரு வரி எழுதியிருந்தாள். அப்படி எழுதுகிறவர்களை நான் விடமாட்டேன், கூப்பிட்டுக் கேட்பேன்.

“எதையெல்லாம் அதுல போட்ட?”

“நான் எழுதுன பத்தியை மட்டுந்தான்க்கா. ஆள் பேரு, இடம் ஒண்ணும் போடல. படத்தை அந்தப் பக்கமே கொண்டு போகல.”

“அது திருத்திக் குடுத்ததை வாசிச்சியா, அப்படியே ஒட்டுனியா?”

“வாசிச்சேன்க்கா. ‘சங்கு கொறஞ்சிருக்கு’ன்னு நான் எழுதியிருந்தேன். அது அழிஞ்சே போச்சுன்னு மாத்தி வச்சிருந்துச்சு. எங்க அப்பாகூட முங்குத லூர்து மாமா பாத்தா, ‘அப்போ நான் தெனமும் கல்லையா பொறக்கிட்டு வாரேன்’னு கேப்பாரு. திருப்பி மாத்திட்டேன்.”

ஏஐயைப் பொறுப்பாகப் பயன்படுத்துவது எப்படி என்று இப்போது கூட்டம் போட்டுப் பேசுகிறார்கள். அந்தப் பெண் அதைச் செய்தே காட்டியிருந்தாள்.

அவளுக்கு அவசரமும் இருந்தது. ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டிய கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் ஒரு கட்டுரையாவது ஏற்கப்பட்டிருக்க வேண்டும் என்பது அவள் பல்கலைக்கழகத்தின் விதி. எங்களுக்கு வந்த முதல் மதிப்பீடு நன்றாக இருந்தது. இரண்டாவதுக்குக் காத்திருந்தோம்.

இரண்டாவது மதிப்பீட்டாளர் வெளியூர்க் கல்லூரி ஒன்றில் பேராசிரியர். வழக்கமாக அவர் அறிக்கை தந்தி மாதிரி இருக்கும். அன்று வந்தது கல்யாணப் பத்திரிகை மாதிரி இருந்தது. பாராட்டிப் பாராட்டி, பணிவாக இரண்டு குறை சொல்லி, சிறு திருத்தத்தோடு ஏற்கலாம் என்று முடித்திருந்தார். நடுவில் ஒரு வரி, முங்குகிறவர்களின் இரத்தப் பரிசோதனை முடிவுகளை ஆசிரியர் கவனமாக ஆராய்ந்திருக்கிறார் என்று சொன்னது. ரோஸ்லின் யார் விரலிலும் ஊசி குத்தவில்லை. நான் போனை எடுத்தேன்.

“சார், இரத்தப் பரிசோதனை எந்தப் பக்கத்துல இருக்கு?”

“எந்த இரத்தம் மேடம்?”

“உங்க அறிக்கையில இருக்கே.”

சிரித்தார். “அதுவா? ஏஐட்ட குடுத்து எழுதி வாங்குனேன். எங்கயாவது உளறியிருக்கும், அந்த வரியை எடுத்துருங்க. பேப்பர் நல்ல பேப்பர்தான்.”

“கட்டுரையை முழுசா அதுல ஏத்துனீங்களா?”

“ஏத்தாம அது எப்படி எழுதும்?”

“படத்தோடயா?”

“எல்லாம் ஒரே ஃபைல்லதான மேடம் வந்துச்சு.”

அது உண்மைதான். எங்கள் மென்பொருள் எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டித்தான் அனுப்பும். அதற்குப் பிறகு போனில் நான் பேசியதை அச்சில் போட முடியாது.

அன்று பிற்பகலே சார் அறையில் உட்கார்ந்தோம். ஆசிரியர் குழுவில் இருந்து ஒருவரும் வந்திருந்தார். கெட்டவர் இல்லை, ரோஸ்லின் மேல் அக்கறை உள்ளவர். அவர் சொன்னதை நீங்கள் நன்றாகக் கேட்க வேண்டும், ஏனென்றால் உங்கள் அலுவலகத்திலும் ஒரு நாள் ஒருவர் இதையே சொல்வார்.

“ரெண்டு அறிக்கையும் ஏத்துக்கச் சொல்லுது. இப்போ கையெழுத்துப் போட்டா அந்தப் பொண்ணு கெடுவுக்குள்ள ஆய்வேட்டைக் குடுத்துருவா. ரெண்டாவதைச் செல்லாதுன்னு சொன்னா, புது ஆளைத் தேடணும், அவர் வாசிக்கணும். கெடு போயிரும். யாருக்காக இதைச் செய்யணும்? அந்தக் கம்ப்யூட்டரா வந்து முங்கி சங்கு எடுக்கப் போகுது?”

எனக்கே ஒரு நிமிடம் சரியென்று பட்டது. நான் கத்துவதற்கு ஆள் தேடிக்கொண்டிருந்தேனே தவிர, என்ன செய்வது என்று யோசிக்கவில்லை. மதிப்பீட்டாளரைத் திட்டியாயிற்று, கோபம் தீர்ந்தது, பெண்ணும் பிழைத்துக்கொள்வாள் என்று இருந்தேன். கோபக்காரர்களுக்கு இது ஒரு வியாதி. கத்தி முடித்ததும் வேலை முடிந்த மாதிரி இருக்கும்.

சார் குழுக்காரரைப் பார்த்துச் சொன்னார்.

“அந்தப் புள்ள இங்கனதான் நின்னு கேட்டா, வெளிய போகாதுல்லான்னு. போகாதுன்னு நான்தான் சொன்னேன். இப்போ போயிட்டு. அதை அவகிட்ட சொல்லாம அவ பேப்பர்ல நான் எப்படிக் கையெழுத்துப் போட?”

“சொன்னா அவளுக்குத்தான் கஷ்டம் சார்.”

“கஷ்டந்தான். ஆனா அந்தப் படம் அவ சொத்து இல்லியே, அவளுக்காக நாம மறைக்க. இடம் சொன்னவங்களுது.”

இதற்காக நான் அவருக்கு இன்றும் கடமைப்பட்டிருக்கிறேன். அவர் அன்று கையெழுத்துப் போட்டிருந்தால் நானும் பேசாமல் கோப்பை மூடியிருப்பேன்.

மதிப்பீட்டாளர் கட்டுரையை ஏற்றியது ஒரு இலவச ஏஐ சேவையில். அதன் விதிமுறைகளை எடுத்து வாசித்தோம். உள்ளே போட்டதை வைத்துக்கொள்ளுமா, தன் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளுமா, யாராவது பார்ப்பார்களா என்று தேடினோம். ஒவ்வொரு வாக்கியமும் வழுக்கியது. மதிப்பீட்டாளர் தன் பக்கத்தில் இருந்ததை அழித்துவிட்டேன் என்றார். அந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை.

ரோஸ்லினைக் கூப்பிட்டுச் சொன்னோம். இரண்டாவது மதிப்பீட்டைத் தள்ளிவிட்டதையும் சொன்னோம். அவள் ஆய்வேட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

“எங்க அப்பா மொகத்துல நான் எப்படி முழிப்பேன்? லூர்து மாமா அவரு மச்சானுக்கே சொல்லாத எடத்த எனக்குச் சொன்னாருக்கா.”

“நீ சொல்லாண்டாம். நாங்க வந்து சொல்லுதோம்” என்றார் சார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, கரையில் வலை உலர்த்தும் கொட்டகையில் கூடினோம். அந்தோணி, லூர்து, இன்னும் சிலர். லூர்துதான் அவர்களில் மூத்தவர். ஒரு காது சுத்தமாகக் கேட்காது, அதனால் எல்லாருக்கும் சேர்த்துச் சத்தமாகப் பேசுவார். சார் நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். தப்பு இதழுடையது, ரோஸ்லின் மேல் ஒன்றும் இல்லை என்றார். அந்தோணி மகளைப் பார்க்கவே இல்லை. மணலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

லூர்து கேட்டார், “சரி, போனதைத் திருப்பி வாங்கித் தருவியளா?”

“முடியாது அண்ணாச்சி.”

“அப்போ அது யாரு கையில கெடைக்கும்?”

“தெரியாது. யாருக்கும் கெடைக்காமலும் போகலாம். ஆனா கெடைக்கவே கெடைக்காதுன்னு நான் பொய் சொல்ல மாட்டேன்.”

“நல்லாருக்கு வே! நாங்க பொண்டாட்டிட்ட சொல்லாததை இவரு ஊருக்கு அனுப்பிட்டு, உண்மை பேசுதாராம்.” கொட்டகையில் சிலர் சிரித்தார்கள். கேட்க நன்றாக இல்லாத சிரிப்பு. பிறகு லூர்து ரோஸ்லின் பக்கம் திரும்பினார். “ஏளா, இனிமே ஒனக்கு நாங்க எதுவும் சொல்லுததா இல்ல. கேட்டுட்டு வராத.”

அவள் அழவில்லை. சரி மாமா என்றாள். திரும்பி வரும்போது, ஒரு பெண்ணின் ஆய்வு மட்டும் அல்ல, சொந்தக்காரர்கள் நடுவில் அவள் இருந்த இடமும் போய்விட்டது என்று எனக்குப் பட்டது. வாயை மூடிக்கொண்டிருந்தால் இது எதுவும் நடந்திருக்காதே என்றும் நினைத்தேன். சரியானதைச் செய்தால் உடனே மனசு லேசாகும் என்று உங்களிடம் யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

சார் அந்த மதிப்பீட்டாளருக்கும் எழுதியிருந்தார்: உங்கள் அறிக்கையைத் தள்ளிவிட்டோம், உங்கள் பெயரை யாரிடமும் சொல்லவில்லை, நடந்ததை அந்த மக்களிடம் சொல்லிவிட்டோம் என்று. அவர் பதில் போடவில்லை. ஆள் ஒளிந்துகொண்டார் என்று நான் அலுவலகம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு காலையில் கையில் பையோடு என் மேசை முன்னால் வந்து நின்றார்.

“அவங்களை எங்க பாக்கலாம் மேடம்?”

பெயரை வெளியே சொல்ல வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. மதிப்பீட்டாளர் யார் என்று கடைசி வரை யாருக்கும் தெரியாது, அதுதான் எங்கள் தொழில் முறை. அதைச் சொன்னேன். “தெரியும். கூட்டிட்டுப் போறீங்களா, இல்ல நானே கேட்டுக்கிட்டுப் போகவா?” என்றார். ஆட்டோவில் கூட்டிப் போனேன்.

லூர்து படகில் உட்கார்ந்து கயிறு பிரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அந்தோணியும் இருந்தார். வந்திருப்பது யாரென்று நான் சொன்னதும் லூர்து நிமிர்ந்து கேட்டார்.

“நீருதானா அது?”

“நான்தான்.”

“எதுக்கு அங்க கொண்டு போட்டீரு?”

பேராசிரியர் சுற்றி வளைக்கவில்லை. “நேரம் இல்லன்னு போட்டேன். நான் உக்காந்து வாசிச்சு எழுதியிருக்கணும். வாசிக்கல.”

லூர்து கயிற்றைக் கீழே வைத்தார். “வாசிக்கக்கூட இல்லியா?” அவர் குரல் முதல்முறையாகத் தணிந்திருந்தது. “எங்க எடம் போனது ஒரு பக்கம் கெடக்கட்டும். இந்தப் புள்ள நாள் கணக்கா இந்த மணல்ல உக்காந்து கேட்டுக் கேட்டு எழுதுச்சு வே. அதை ஒரு மனுசன் வாசிக்கவே இல்லியா?”

லூர்துவின் பார்வை அந்தோணி பக்கம் போனது. அந்தோணி அப்போதுதான் வாயைத் திறந்தார். “எம்மவ எங்கிட்ட, ‘நம்ம சொல்லுதது சரியான்னு படிச்சவங்க பாப்பாங்கப்பா’ன்னு சொல்லித்தான் கேட்டா. பாக்கலேல்லா.”

எல்லாரும் படம் போனதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். அந்தப் பெண்ணின் வேலையை யாரும் பார்க்கவில்லை என்பது அவர்கள் இருவருக்கும்தான் உறைத்தது.

பேராசிரியர் மதியம் வரை அங்கேயே இருந்தார். மன்னித்தோம் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. டீ மட்டும் வாங்கிக் கொடுத்தார்கள். அவர் வந்திருக்கவே வேண்டாம், ஆனாலும் வந்தார். அவரைப் பற்றி நான் அலுவலகத்தில் சொன்னதையெல்லாம் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

கிளம்பும்போது லூர்து என்னைக் கூப்பிட்டார். “டீச்சரம்மா, வேற ஆள் பாத்து வாசிக்கச் சொல்லுங்க. படம் கெடையாது. எடத்தைப் பாத்தே ஆகணும்னா இங்கன வரட்டும், நானே படகுல கொண்டு காட்டுதேன். போனைக் கரையில குடுத்துட்டுத்தான் ஏறணும்.”

நான் டீச்சர் இல்லை. அன்று திருத்தவில்லை.

புதிய மதிப்பீட்டாளர் ஒருவர் அதற்குச் சம்மதித்தார். தான் யாரென்று மீனவர்கள் அறிந்துகொள்வதில் அவருக்கு ஆட்சேபம் இல்லை. போனை லூர்துவின் மனைவியிடம் கொடுத்துவிட்டுப் படகில் ஏறினார். போகும்போதும் வரும்போதும் வாந்தி எடுத்தார். லூர்து காட்டிய இடங்களை எங்கேயும் குறிக்கவில்லை. அவர் எழுதிய அறிக்கை கடுமையாக இருந்தது. ஒவ்வொரு கேள்வியும் கட்டுரையின் ஏதோ ஒரு வரியைத் தொட்டுக் கேட்டது. வாசித்தவன் கேட்கிற கேள்விகள். ரோஸ்லின் அதை வைத்துக் கட்டுரையில் பாதியை மாற்றி எழுதினாள்.

கெடு அதற்குள் போய்விட்டது. சார் நடந்ததை எல்லாம் விளக்கி அவள் பல்கலைக்கழகத்துக்கு எழுதினார். நீட்டிப்பு கிடைத்தது, ஆனால் அவளோடு சேர்ந்தவர்கள் பட்டம் வாங்கிய மேடையில் அவள் இல்லை. இதை நான் பூசி மெழுக மாட்டேன். எங்கள் தவறுக்கு அவள் விலை கொடுத்தாள்.

எழுதுகிறவர்களிடம் ஏஐ பற்றிக் கேட்ட நாங்கள், மதிப்பிடுகிறவர்களிடம் கேட்கவே இல்லை. பெரியவர்கள், அவர்களுக்குத் தெரியும் என்று விட்டுவிட்டோம். இப்போது கட்டுரையை அனுப்பும்போதே சொல்லிவிடுகிறோம்: இது உங்களை நம்பிக் கொடுத்தது, இதை எந்த ஏஐயிலும் ஏற்றாதீர்கள். உங்கள் சொந்த வாக்கியத்தைத் திருத்திக்கொள்ள வேண்டுமானால் செய்யுங்கள், செய்ததைச் சொல்லுங்கள். ரகசியமான பின்னிணைப்பு இப்போது கட்டுரையோடு சேர்ந்து போவதில்லை. இதையெல்லாம் விதி என்று மட்டும் மனப்பாடம் செய்யாதீர்கள். கட்டுரையைக் கையில் எடுக்கும்போது, இதற்குள் யார் யாருடைய நம்பிக்கை இருக்கிறது என்று ஒரு தரம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இதழ் அச்சாகி வந்ததும் சாரும் நானும் ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு கரைக்குப் போனோம். ரோஸ்லினும் வந்தாள். வரமாட்டேன் என்றுதான் முதலில் சொன்னாள், அந்தோணிதான் கூட்டி வந்தார். கொட்டகையில் உட்கார்ந்து, ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். லூர்து கேட்கிற காதை அவள் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டார். கடைசி வரை குறுக்கே பேசவில்லை.

“நாங்க சொன்னது அப்படியேதான இருக்கு?” என்றார்.

“அப்படியேதான் மாமா.”

லூர்து அவள் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார். பிறகு, “ஏளா, இன்னொரு எடம் இருக்கு. எழுதாத, கேட்டுக்கோ” என்றார்.

அந்தோணி நிமிர்ந்தார். “எது? எனக்குத் தெரியாததா?”

“ஒனக்குத் தெரியாது. நீ எந்திரிச்சு அங்கன போ. இவங்களையும் கூட்டிட்டுப் போ.”

நாங்கள் மூவரும் எழுந்து படகுகளுக்கு அந்தப் பக்கம் போய் நின்றோம். லூர்துவுக்கு மெதுவாகப் பேச வராது. காற்றும் எங்கள் பக்கம்தான் அடித்தது. “இன்னும் கொஞ்சம் தள்ளிப் போவோம்” என்றார் சார். போனோம்.